வங்கிக்குத் தெரியாத நம்பர்

அத்தியாயம் 6

ஆம்னி வேனின் டேஷ்போர்டு மேல் மூன்று செல்போன்கள் வரிசையாகக் கிடந்தன. மூன்றும் பட்டன் போன்கள். ஒன்றுக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை. திருக்கழுக்குன்றம் தாண்டியதிலிருந்து தீனதயாளன் ரோட்டைப் பார்த்ததைவிட அவற்றைப் பார்த்ததுதான் அதிகம். மூன்றும் வாயைத் திறப்பதாக இல்லை.

“எங்கக்காவப் பொண்ணு பாத்துட்டுப் போனவங்க போனுக்குக்கூட நான் இப்டி ஏங்கல மேடம்.”

“ரோட்டப் பாரு தீனா,” என்றாள் ஜாக்குலின்.

“நாலு நாளாச்சி. ஒரு லோன்காரன்கூட கூப்ட மாட்றான். என் நம்பருக்குன்னா காலைல நாஸ்தா துன்றதுக்குள்ள நாலு பேரு லோன் வேணுமான்றான்.”

ஜாக்குலின் சிரிக்கவில்லை. சாதாரண நாளில் பாதிச் சிரிப்பாவது சிரிப்பாள். செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போடுவதற்கு முன்னால், வங்கிகளுக்காகப் போன் எடுத்துப் பேசும் கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள் அவள். வாடிக்கையாளர்கள் அழுவதைக் கேட்டுக் கேட்டுக் காது தடித்துவிட்டது என்று அவளே சொல்வாள். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த மதுராந்தகத்துத் தீனதயாளனை உதவியாளாக வைத்துக்கொண்டதே அவன் வாய்க்காகத்தான் என்றும் சொல்வாள். இன்றைக்கு அந்த வாய்க்கும் அவளிடம் மரியாதை கிடைக்கவில்லை.

காரணம், ரெபேக்காள்.

புதுப்பட்டினத்தில் குடியிருந்துகொண்டு, பக்கத்து டவுன்ஷிப் வீடுகளில் சமையல் வேலையும் துப்புரவு வேலையும் பார்க்கிற பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்குத் தலைவி அவள். பல வருஷத்துக்கு முன்னால் இவர்களெல்லாம் ஒன்றாகப் போய் வங்கியில் கணக்கு ஆரம்பித்தபோது, கையில் போன் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருடைய கணக்குக்கும் அவள் நம்பரையே கொடுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. வங்கிக்குப் போய் நம்பரை மாற்ற மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? சம்பளம் விழுந்தால் ரெபேக்காள் போனுக்கு மெசேஜ் வரும். அவள் தெருவில் நின்று, எதிர் வரிசை வேண்டா என்கிற பெண்ணுக்கு என்றால், “ஏ வேண்டா, உன்து வந்துட்ச்சி!” என்று ஒரு குரல் கொடுப்பாள். எல்லோருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, அந்த மிஷின் குரல் வருகிறவரை.

“வணக்கம். இது உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு. உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முயற்சி நடக்கிறது. அது நீங்கள் இல்லையென்றால், எண் ஒன்றை அழுத்தவும்.”

பாவி மிஷின், எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது! அடித்துப் பிடித்துக்கொண்டு ஒன்றை அழுத்தினால் ஓர் ஆபீசர் லைனில் வருவான். கார்டு நம்பரைக் கேட்பான். “இப்ப ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க, திருடனை நிறுத்திடறேன்” என்பான். ஓடிபி போவதோ ரெபேக்காள் போனுக்கு. தங்கள் போனில் ஆபீசர் காத்திருக்க, வேலை செய்கிற வீட்டு அம்மாவின் போனை இரவல் வாங்கி அவளைக் கேட்டார்கள். கேஸ் சிலிண்டர் வரும்போதெல்லாம் எண்ணைப் படித்துச் சொல்கிறவள், அந்தப் பழக்கத்தில் இதையும் படித்துச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்று அதே மெசேஜில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவளுக்கு எண் மட்டும்தான் படிக்க வரும். ஒரே காலையில் நாலு பெண்களின் கணக்கு துடைத்துவிட்டது போல ஆகிவிட்டது.

நாலு பேருக்கும் போன் வந்தது, தலைவிக்கு மட்டும் வரவில்லை. எண்ணைச் சொன்னதும் தலைவிதான். ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்றைக்குச் சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூட்டம். அங்கே அவள் ஒப்புக்கொள்ளாவிட்டால் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் என்று பேச்சு.

“நீங்க கோச்சிக்காதீங்க,” என்றான் தீனதயாளன். “எனக்கே அந்தம்மா மேலதான் சந்தேகமாக்கீது.”

“பேங்குக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் யாரோடது?”

“ரெபேக்காள் அம்மாது.”

“அப்ப நெஜமான பேங்கா இருந்தா யாருக்கு அடிச்சிருக்கணும்? அவங்களுக்குத்தானே? அடிச்சது அந்த நாலு பேரோட சொந்த நம்பருக்கு. அந்த நம்பருங்க பேங்குக்கே தெரியாது தீனா. பேங்குக்குத் தெரியாத நம்பருக்கு பேங்கு எப்படிப் போன் பண்ணும்?”

“அப்ப அது பேங்கு இல்ல. சரி. நம்பரக் குடுத்தது யாரு?”

அதற்குத்தான் இந்த மூன்று போன்கள். மூன்று புது சிம். ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் இல்லாத ஒரு பெண் பெயர். சிவப்பு நம்பரை, நாலு பெண்களும் வழக்கமாக ரீசார்ஜ் செய்யும் ரஞ்சித்குமாரின் கடையில் மட்டும் கொடுத்தார்கள். நீல நம்பரை, போன மாதம் அந்த நால்வரும் போய்வந்த மாமல்லபுரம் வீட்டுச்சாமான் கண்காட்சியின் பரிசுக் குலுக்கலில் மட்டும் போட்டார்கள். பச்சை நம்பரை, ‘குழுவில் புதுசாகச் சேர வருகிற ஜெபா’ என்று ரெபேக்காளிடம் மட்டும் கொடுத்தாள் ஜாக்குலின். எது அலறுகிறதோ அங்கேதான் ஓட்டை. கேட்க எளிதாகத்தான் இருந்தது. எதுவும் அலறவில்லையே!

புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ரெபேக்காளின் வீடு. அவள் கதவைத் திறந்தபோது தீனதயாளனுக்குப் பகீரென்றது. ஒரு வாரத்துக்கு முன்னால் செங்கல்பட்டு ஆபீஸில் வந்து உட்கார்ந்தவள் இவள்தானா? கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. அவள் மேல் வைத்திருந்த சந்தேகத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“துன்னீங்களாம்மா?” என்றான்.

“எறங்க மாட்டுதுப்பா.” நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். “சிஸ்டர், இன்னா ஆச்சி? எதுனா தெரிஞ்சுதா?”

ஜாக்குலின் மூன்று போன்களையும் டீப்பாய் மேல் வைத்தாள். “இன்னும் இல்ல. கொஞ்சம் இருங்க.”

ரெபேக்காளின் புருஷன் ஞானதாஸ் டீ கொண்டுவந்து வைத்தார். பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்கில் மோட்டார் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். டம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்கிற நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடிக்க, எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாகப் பின்கட்டுக்குப் போனார்.

ஜன்னல் வழியாக முருங்கை மரத்தடியில் அவர் நிற்பது தெரிந்தது. தீனதயாளன் பார்த்துக்கொண்டேயிருந்தான். ஞானதாஸ் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். அப்புறம்தான் போனைக் காதில் வைத்தார்.

“மேடம், அத்தப் பாருங்க,” என்றான் மெதுவாக. “போன்ல பேசறவனுக்குக் கைலிய எறக்கி வுடறாரு. அவன் கண்ணுக்கு இன்னா தெரியப் போவுது? கலெக்டரே எதுக்க நின்னாலும் இவ்ளோ பயபக்தி இருக்காது.”

ஜாக்குலின் ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை அவன் கவனித்தான்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நாலு பேரில் ஒருத்தி, எதிர் வரிசை வேண்டா.

“ஆறு மணிக்கு வந்துடு,” என்றாள் ரெபேக்காளின் முகத்தைப் பார்க்காமல்.

“வேண்டா, உள்ள வாடி. எதுக்குடி வாசல்லயே நிக்கிற?”

“என் பொண்ணு காலேஜுக்குக் கட்ட வெச்சிருந்ததுக்கா அது. நீ எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடு. நாங்க ஒண்ணும் உன்ன அட்ச்சிட மாட்டோம்.”

“நான் எடுப்பனாடி?”

வேண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்குத் தெரியலக்கா,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். ரெபேக்காள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது தீனதயாளனுக்கு. அவள் அப்படியே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞானதாஸ் உள்ளே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். டீ ஆடை கட்டியது. சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் செத்த மீன் மாதிரி கிடந்தன. கேஸ் ஊத்திக்கொண்டது, வண்டியைத் திருப்ப வேண்டியதுதான் என்று தீனதயாளன் முடிவே கட்டிவிட்டான்.

அப்போது போன் அடித்தது.

அவன் பாய்ந்து சிவப்பை எடுத்தான். அது இல்லை. நீலமும் இல்லை. பச்சையைக் காதில் வைத்துப் பார்த்தான். சத்தம் வந்தது ஜாக்குலினின் கைப்பையிலிருந்து.

அவள் நிதானமாக ஜிப்பைத் திறந்து நான்காவதாக ஒரு பட்டன் போனை எடுத்தாள். அதற்கு ரப்பர் பேண்டு இல்லை. ஸ்பீக்கரை அழுத்தி டீப்பாய் மேல் வைத்தாள்.

“வணக்கம். இது உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு…”

ரெபேக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஷின் முழுசும் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, ஜாக்குலின் ஒன்றை அழுத்தினாள். சின்னதாக ஒரு பாட்டு ஒலித்தது. பிறகு ஒரு ஆண்குரல்.

“வணக்கம் மேடம். சங்கரி மேடம்தானே? பதட்டப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம். கார்டு பக்கத்துல இருக்கா?”

“இருக்கு சார்,” என்றாள் ஜாக்குலின் நடுங்குகிற குரலில். நடிப்பென்று தெரிந்தும் தீனதயாளனுக்கே பாவமாக இருந்தது. “சார், நான் போனை வெச்சிட்டு, கார்டுக்குப் பின்னாடி போட்டிருக்கே ஒரு நம்பர், அதுல கூப்பிட்டுப் பேசட்டுமா?”

“வேணாம் மேடம், லைனைக் கட் பண்ணாதீங்க! கட் பண்ணா பணம் போயிடும்.”

“நெஜமான பேங்குன்னா, தாராளமாக் கூப்பிடுங்கன்னு சொல்லுமே சார்.”

அந்தப் பக்கமிருந்து காது கொடுத்துக் கேட்க முடியாத ஒரு வார்த்தை வந்தது. லைன் கட்.

“சங்கரியா? யாரு மேடம் அது?” என்றான் தீனதயாளன். “நம்ம கணக்குல மூணு பேருதானே?”

“உன்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்.” ஜாக்குலின் போனைக் கைப்பையில் போட்டாள். “சங்கரின்னு ஒருத்தி பொறக்கவே இல்ல. அவ பேரும் இந்த நம்பரும் தெரிஞ்சவர் இந்த உலகத்துல ஒருத்தர்தான். முந்தாநாள் இந்த வாசல்ல வெச்சு நான் சொன்னேன். குழுவுல சேர வர்ற இன்னொரு பொண்ணுன்னு.”

அவள் மூலையைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஞானதாஸ் எழுந்து நின்றார். கைலி இன்னும் இறக்கிவிட்டபடியே இருந்தது.

“அந்த மிஷின் ரெபேக்காளுக்கு மட்டும் ஏன் அடிக்கலன்னு ஊரே கேட்டுது,” என்றாள் ஜாக்குலின். “நானும் அதைத்தான் கேட்டேன். இவங்க திருடியிருந்தா தனக்கும் ஒரு போன் வந்ததா நாடகம் ஆடியிருப்பாங்க. ஆடல. அப்ப வேற யாரோ, இந்த அம்மாவுக்குப் போன் பண்ணாதீங்கன்னு அந்தப் போன்காரங்ககிட்டக் கெஞ்சிக் கேட்டிருக்கணும். அப்படிக் கேக்கற ஆள் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கணும். ஐயா, உங்களுக்குத்தானே முதல்ல போன் வந்துச்சு?”

ஞானதாஸ் சட்டைப் பையிலிருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“ஆமாங்க. போன மாசம். ஒண்ண அமுக்கினேன். என் பென்சன் டப்பு முச்சூடும்… ஆபீசர் சொன்னாரு, அது பத்திரமா எங்களாண்ட கீது, திருடனப் புடிச்சதும் திருப்பிப் போட்டுடுவோம்னு. யாராண்டயும் மூச்சு வுடக் கூடாதுன்னாரு. மகளிர் குழுவுலதான் திருடன் கீறான், அவங்க நம்பருங்களக் குடு, நாங்க காப்பாத்தறோம்னாரு. காப்பாத்தறேன்னுதானே சொன்னாரு! வேண்டாவும் மத்த மூணு பேரும் தண்ணி வரலன்னா எனக்கு நேரா போன் பண்ணுவாங்க. அவங்க நம்பருதான் என் போன்ல இருந்துச்சி. குடுத்தேன்.”

“அவங்க டப்பு போனப்புறமும் உங்களுக்குப் புரியலியா அண்ணாத்த?” என்றான் தீனதயாளன். கிண்டல் சுத்தமாக வற்றிப்போயிருந்தது.

“புரியலப்பா. திருடன் முந்திக்கினான்னு சொன்னாரு. நான் நம்பிட்டேன். ஆபீசருப்பா அவரு. எவ்ளோ மரியாதியா பேசினாரு தெரியுமா? முப்பது வருசம் டேங்காண்ட வேல செஞ்சேன், ஒரு ஆபீசரு என்ன ‘சார்’னு கூப்ட்டதில்ல.”

ரெபேக்காள் அதுவரை அசையவில்லை. இப்போது அவர் எதிரே போய் நின்றாள்.

“எல்லாருக்கும் வர்ற ஓடிபி என் போனுக்குத்தான் வருதுன்னு அவனாண்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“அதுக்கு அவன் இன்னா சொன்னான்?”

ஞானதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“சொல்லு. இன்னா சொன்னான்?”

“உன் பொண்டாட்டி மேலதான் சந்தேகம்னான்.”

“நீ இன்னா சொன்ன?”

அவர் கைலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பத்து நாளா நான் சோறு எறங்காம கெடக்கிறேன். தெருவுல ஒருத்தி என் மூஞ்சப் பாக்க மாட்றா. நீ பக்கத்துலயே படுத்துக்கினு இருக்க. என் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்ல சார்னு ஒரு வார்த்த சொன்னியா?”

“அவளுக்குப் போன் பண்ணாதீங்க, பயந்துடுவான்னு சொன்னேன் ரெபேக்கா. அவ மேல கேசு போடாதீங்கன்னு கால்ல வுழாத கொறையா கேட்டுக்கினு கீறேன். இன்னிக்கி அந்தப் புது நம்பரு குடுத்ததுகூட அதுக்குத்தான். குடுத்தா உன்ன வுட்டுடறேன்னான்.”

அப்படியென்றால் அவரும் நம்பிவிட்டார். திருடியவள் இவள்தான் என்று நம்பி, அதற்கப்புறம் அவளைக் காப்பாற்றக் கெஞ்சியிருக்கிறார். இந்த மனுஷனை அடிப்பதா, அழுவதா? தீனதயாளன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரெபேக்காளின் முகத்தைப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை.

“ஐயா, உங்க போனைக் குடுங்க,” என்றாள் ஜாக்குலின் மெதுவாக. “அவன் கூப்பிட்ட நம்பர், தேதி எல்லாம் இதுல இருக்கு. இப்பவே சைபர் கிரைம் நம்பர் 1930-க்குப் போன் பண்ணிப் புகார் குடுப்போம். பணம் வருமா வராதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இந்தம்மா திருடலன்னு இன்னிக்கே சொல்லிடலாம். கூட்டத்துல நான் சொல்லட்டுமா?”

“நீங்க சொல்ல வேணாம் சிஸ்டர்,” என்றாள் ரெபேக்காள். புடவையைச் சரி செய்துகொண்டு வாசலில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. “சொல்லவேண்டியவரு வருவாரு. வரலன்னா வுட்ருங்க. நான் போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிக்கிறேன்.”

அவள் முன்னால் போக, புகாரைக் கொடுத்து முடித்துவிட்டு மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

சமுதாயக் கூடத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ரெபேக்காள் ஒரு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி இடம் விட்டிருந்தார்கள். ஞானதாஸ் வாசற்படியில் நின்றுவிட்டார். உள்ளே வர மாட்டார், ஓடிவிடுவார் என்றே தீனதயாளன் நினைத்தான். அவர் கையைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட யோசித்தான். ஜாக்குலின் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

அவர் தானாகவே வந்தார். நடுவில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். மிஷின் குரலைச் சொன்னார், ஆபீசரைச் சொன்னார், வேண்டாவின் நம்பரைக் கொடுத்ததைச் சொன்னார். கடைசியில், “என் பொண்டாட்டிக்கு ஒண்ணுமே தெரியாது. அவ மேல நானே சந்தேகப்பட்டேன். எனக்கு மன்னிப்பு கேக்கக்கூட வாயில்லம்மா,” என்று சொல்லிவிட்டு அழுதார்.

கூடம் முழுக்க ஒரே இரைச்சல். ஒருத்தி அவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். இன்னொருத்தி, எனக்கும் அதே மிஷின் நேற்று அடித்தது, பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை என்றாள். ஜாக்குலின் அவளிடம் போய் உட்கார்ந்து, அவள் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று விவரம் கேட்க ஆரம்பித்தாள்.

வேண்டா எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ரெபேக்காளின் எதிரே உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அக்கா, உன்னப் போயி… என் வாய்ல புழுதான் வெக்கணும். மன்னிச்சிடுக்கா. இனிமே நிம்மதியா வூட்டுக்குப் போ. போயி ஒரு வாயி சாப்டு.”

இனி எல்லாம் சரியாகிவிட்டது, அந்தம்மா இப்போதாவது ஒரு மூச்சு அழுது தீர்த்துவிடுவாள் என்று தீனதயாளன் நினைத்தான். ரெபேக்காள் அழவில்லை. நடுவில் நின்று தேம்பிக்கொண்டிருந்த புருஷனை ஒரு தரம் பார்த்தாள்.

“நீங்கல்லாம் சந்தேகப்பட்டீங்க. பரவால்லடி, நீங்க ஊரு,” என்றாள். “ராத்திரிக்கு உன் வூட்ல எனக்கு ஒரு பாய் போடுவியா வேண்டா?”